கொக்கின் இடது கால்

டிரைவர் தாம் முன்பு குடியிருந்த அந்த வாடகை வீட்டுப் பூட்டைத் திறந்தபோது மதியம் மூன்று மணி. ஓராண்டாகப் பூட்டிக் கிடந்த வீடு, சாவி மக்கர் பண்ணும் என்று எண்ணெய்ப் புட்டியும் கையுமாக வந்திருந்தார். அதுவோ ஒரே திருப்பில் திறந்துகொண்டது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு சாவியை ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பின்முற்றத்தை ஒட்டிய பழைய கிடங்குச் சுவரை மறுநாள் காலை இயந்திரம் வந்து இடித்துவிடும், அதற்குள் காலி செய்துவிடுங்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். மனைவியையும் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாத்திரங்களைக் கட்டினார். பாயைச் சுருட்டினார். சமையலறைக் கதவை மட்டும் சாத்தாமல் ஒரு மணி நேரம் போக்குக் காட்டினார். கடைசியில் சாத்தித்தானே ஆக வேண்டும்? சாத்தினார். கதவின் பின்பக்கம் சுண்ணக்கட்டி எழுத்தில் எண்கள் வரிசையாக இறங்கின. பன்னிரண்டு, எட்டு, முப்பத்தொன்று, நாற்பது. கடைசி எண் அறுபத்து நாலு.

மகளுடைய கணக்கு அது. பதினான்கு வயதுப் பெண். பந்து கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். வலது காலால் அடித்தால் வலை கிழியும். இடது கால் சும்மா ஊன்றி நிற்பதற்கு மட்டும். விளையாட்டு ஆசிரியர் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தார், தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. இடது காலால் அடித்து, திரும்பி வருவதை இடது காலாலேயே நிறுத்தி, இப்படி நூறு முறை அடித்துக் காட்டினால் அணியில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அவர். ஒருமுறை தவறவிட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அன்றிலிருந்து கொக்குக்கு அந்தக் கிடங்குச் சுவரே கதி. எத்தனையில் தவறியதோ அதைக் கதவின் பின்னால் எழுதிவைப்பாள்.

டிரைவர் பேருந்தை விட்டுவிட்டு வந்து படுத்தால் சத்தம் காதில் விழும். எந்தக் கால் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். வலது கால் என்றால் சுவர் அதிரும், டம். இடதை அவள் பயந்து பயந்து விரல்நுனியால் தட்டுவாள், டொக். "என் இடது காலு நாளெல்லாம் கிளட்ச்சை மிதிச்சு உரமேறின காலு. வேணும்னா கழட்டித் தர்றேன், மாட்டிக்கோ" என்று கேலி செய்வார். அவள் சிரிக்க மாட்டாள்.

"சுவத்துகூட எத்தனை நாள்தாம்ப்பா விளையாடறது? எதிர்ல வந்து நில்லுப்பா. பந்தைத் திருப்பி விட்டாப் போதும்."

"நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்டா."

எத்தனை நாளைகள். அறுபத்து நாலு எழுதிய மறுநாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் உடம்பாகத்தான் அவளைக் கொண்டுவந்தார்கள்.

பின்முற்றத்துக்கு வந்தபோது துணி துவைக்கிற கல்லோரம் அவளுடைய பந்து கிடந்தது. ஓராண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்த பந்து சப்பளிந்து போயிருக்க வேண்டும். எடுத்து அமுக்கினார். நேற்றுக் காற்றடித்தது போலக் கெட்டியாக இருந்தது.

கீழே போட்டு, எதையும் நினைக்காமல் சுவரைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினார்.

சுவரில் பந்து பட்டால் ஒரு சத்தம் வரும்.

இரண்டு வந்தன.

முதலில் உள்ளங்காலால் பந்தை அமுக்கி நிறுத்துகிற மெத்தென்ற ஓசை. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் டொக். பந்து மெதுவாக உருண்டு வந்து அவருடைய செருப்பில் முட்டி நின்றது.

தலை கிறுகிறுத்தது. பசி மயக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி தட்டினார், இந்த முறை கண்ணை எடுக்காமல். பந்து சுவர்வரை போகவே இல்லை. சுவருக்கு ஒரு முழம் முன்னால், வெறும் வெளியில், தானாக நின்றது. பட்டப்பகல். வெயில் அந்த இடத்தில் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு நிழலும் இல்லை.

டொக்.

காற்றில் தைலம் மணத்தது. சுளுக்கிய இடது கணுக்காலில் அவள் அப்பிக்கொள்கிற அதே தைலம்.

ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் நினைத்தார். ஆனால் எதிரில் வந்து நிற்கச் சொல்லிக் கெஞ்சிய பிள்ளை எதிரில் நிற்கும்போது எந்த அப்பன் ஓடுவான்? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

முதலில் ஏழில் தவறவிட்டார். பந்து கல்லோரம் ஓடியது. கொண்டுவந்து வைத்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பதினெட்டில் தவறவிட்டார். அதற்குப் பிறகு பந்து இன்னும் மெதுவாக, அவருடைய காலுக்கு நேராகவே வந்தது. அப்பாவுக்கு விளையாட வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறுபத்து நாலைக் கடந்தபோது வாய்விட்டு அழுதார். எண்பதில் அந்த டொக் மாறத் தொடங்கியது. நுனிக்கால் பயம் போய், முழுப்பாதம் பந்தில் படிகிற சத்தம் வந்தது. கொக்குக்கு இடது கால் வந்துவிட்டது.

தொண்ணூற்றெட்டு.

தொண்ணூற்றொன்பது.

பந்து வந்தது. காலடியில் நிறுத்தினார். நிறுத்தியவர் அப்படியே நின்றார்.

நூறு ஆகிவிட்டால் அப்புறம் அவளுக்கு இங்கே என்ன வேலை?

எதிரில் மண் சரசரத்தது. சின்னப் பிள்ளை பொறுமையில்லாமல் காலைத் தேய்க்கிற சத்தம். அவர் பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தார். செருப்பைப் போட மறந்துவிட்டார்.

இரவு மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். பைத்தியம் என்று அவள் சொல்லவில்லை. பந்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"தொண்ணூத்தொம்பதுல நிறுத்திட்டு வந்துட்டீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"அப்படின்னா அவ இன்னும் நின்னுக்கிட்டுதானே இருப்பா. கால் வலிக்காதாங்க அவளுக்கு?"

விடிந்ததும் இருவரும் போனார்கள். வாசலை மிதிக்க மாட்டேன் என்றவள் அவருக்கு முன்னால் உள்ளே நுழைந்தாள்.

சுவர் இல்லை. இயந்திரம் விடியுமுன்பே வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தது. சுவர் நின்ற இடத்தில் செங்கல் பொடி, அதற்கு அப்பால் பள்ளத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் வெற்று நிலம். பிள்ளை உயிரோடு இருந்தபோது நாளைக்கு நாளைக்கு என்று ஏமாற்றினார் டிரைவர். போன பிறகும் ஏமாற்றிவிட்டார். பந்தைப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திருங்க. அடிச்சிடுங்க. பாவம், போகட்டும்" என்றாள் மனைவி.

எழுந்தார். அடித்தார்.

பந்து முற்றத்தைக் கடந்தது. செங்கல் பொடியைக் கடந்தது. சரிவில் இறங்கி வேகமெடுத்தது. இனி பள்ளத்தில்தான் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சரிவின் பாதியில் சட்டென்று நின்றது.

மெத்தென்ற அந்த ஓசை.

நூறாவது உதைக்குக் காத்திருந்தார்கள். மனைவி அவர் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். தைலம் மணத்தது.

இரண்டாவது சத்தம் வரவில்லை.

வெயில் ஏறியது. காற்று பலமாக வீசி, செங்கல் பொடியைக் கிளப்பிக்கொண்டு போனது. சரிவில் பந்து அசையவில்லை. கடைசியில் டிரைவர் இறங்கிப் போய் அதைக் குனிந்து எடுக்கப் பார்த்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

பந்தின் உச்சி, மேலிருந்து ஒரு சின்னப் பாதம் அழுத்தினாற்போல், அந்த அளவுக்கு மட்டும் அமுங்கி இருந்தது.

"என்னங்க?" என்று மேலிருந்து மனைவி மெல்லக் கேட்டாள்.

"தரமாட்டேங்கிறா" என்றார் டிரைவர். "நூறு வேண்டாமாம் அவளுக்கும்."