வருகை: வரும் ஞாயிறு

இப்போதெல்லாம் யாரும் யாரிடமும் நலம் விசாரிப்பதில்லை. வீட்டுக்கு வீடு சுவரில் நிகழ்பலகை இருக்கிறது. ‘அப்பா எப்படி இருக்கிறார்?’ என்ற வினவலை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். தரவுத்தளத்தில் விடை மாறிய கணமே பலகையிலும் எழுத்து மாறிவிடும்.

அப்பலகையை வடிவமைத்தவர்களுள் ஒருவனான தளவாயை ஒரு குற்றவுணர்வு நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. தூத்துக்குடி முதியோர் இல்லத்தில் இருந்த தந்தை இசக்கியப்பனுக்கு, ‘மகனின் வருகை’ என்னும், விடை மாறிக்கொண்டே இருக்கும் உயிர்வினவலை எழுதிக் கொடுத்தவன் அவனே. அதன் விடை, ‘வரும் ஞாயிறு’. ஒவ்வொரு ஞாயிறும் முடிந்தவுடன் தேதி தானாகவே அடுத்த ஞாயிற்றுக்கு நகர்ந்தது. மஸ்கட்டில் வாழ்ந்த தங்கை மதிவதனியின் சுவரிலும் அதே வரி ஒளிர்ந்தது. பலகை ஒருநாளும் பழைய தேதியைக் காட்டவில்லை; தளவாய் ஒருநாளும் ஊருக்குப் போகவில்லை.

அவனுடைய பலகையோ ‘அப்பா: நலம்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது. இந்த வயதில் ஒரு சளிகூடவா பிடிக்காது? மனம் உறுத்தவே, ஒரு புதன்கிழமை யாரிடமும் சொல்லாமல் சென்னையிலிருந்து புறப்பட்டான்.

இல்லத்தின் வாயிற்கதவு அவன் முகத்தைக் கண்டு வருகையைப் பதிந்துகொண்டது. செவிலி அந்தோணியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானா சார் அந்த ஞாயித்துக்கிழமை?”

தளவாய் தலைகுனிந்தவாறு அவரைப் பின்தொடர்ந்தான். அறையில் இசக்கியப்பன் ஒருபக்கம் செயலிழந்து கிடந்தார். பேச்சு நின்றுபோயிருந்தது. மகனைக் கண்டதும், அசையும் கையால் அவன் விரலைப் பற்றிக்கொண்டார்.

“எப்பலேர்ந்து இப்படி?”

“ஆடி மாசத்துலேர்ந்து.”

“பலகையில நலம்னுதானே இருக்கு?”

“மொத தடவ கை மரத்தப்ப அவர் சொன்னதுதான் சார். ‘எம்புள்ள ஞாயித்துக்கிழமை வாரான், நேர்ல சொல்லிக்கிடலாம். அவன் வந்து சேருறவரைக்கும் நலம்னே காட்டும்மா’ன்னார். உங்க வருகையோட சேத்துக் கட்டிப் போட்டோம். நாலு நாள்தானேன்னு நெனச்சோம்.”

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே?”

“வாரீங்கன்னு பலகையே சொல்லும்போது போன் எதுக்கு சார்?”

ஒரு வினவலின் விடையை மற்றொன்றின்மீது கட்டும் வசதியை அமைத்தவனும் தளவாய்தான். தேதி நகர்ந்தது, அதனுடன் நலமும் நகர்ந்தது. இன்று வருகை பதிவானதும் கட்டு அவிழ்ந்து, உண்மை எல்லாச் சுவர்களுக்கும் பாய்ந்திருந்தது.

கைப்பேசி அலறியது. மதிவதனி.

“அண்ணே! அப்பாவுக்குத் திடீர்னு என்னாச்சு? பலகை செவந்துபோச்சே! நல்லவேள, நீ பக்கத்துல இருக்க. நீ வாராவாரம் போய்ப் பாக்குற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா கெடந்தேன்.”

தந்தையின் விரல்கள் இறுகின. பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“திடீர்னு இல்ல, மதி. ஆடியிலேர்ந்தே இப்படித்தானாம்.”



“அப்ப, போன ஞாயித்துக்கிழமை நீ யாரப் பாத்துட்டு வந்தே?”