கோட்டில் சேராத புள்ளி

"பொய் சொல்றீங்க!"

பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மனோதத்துவ ஆராய்ச்சி மாணவி அவள். பல் டாக்டரான அக்காவின் தயவில், காத்திருப்பவர்களிடம் பயம் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடியும் பார்த்தாள். பயமும் துடிப்பும் சேர்ந்து ஏறுகின்றனவா... இரண்டுக்கும் ஒட்டுறவு உண்டா? இதுதான் ஆராய்ச்சி. வரைபடத்தில் எல்லாப் புள்ளிகளும் சமர்த்தாக ஒரே கோட்டை ஒட்டி நின்றன. இவன் ஒருவனைத் தவிர!

"பயம் பூஜ்யம்ங்கறீங்க. நாடி நூறுக்கு மேல ஓடுதே?"

"இங்க இருக்கற நாற்காலியெல்லாம் ரிப்பேர் பண்றதே நான்தாங்க. அதுல உட்கார எனக்கென்ன பயம்?"

வீங்கிய கன்னத்தோடு சிரித்தான். மழை கழுவிவிட்டது போலப் பளிச்சென்ற கண்கள்... அவள் சட்டென்று குனிந்து, இவனுக்கு மட்டும் தன்னை மறந்து வைத்திருந்த கட்டைவிரலை இன்னும் அழுத்தினாள்.

"வீராப்பு! நாடி பொய் சொல்லாது."

சிரிப்பு அணைந்தது. "பொய்க்காரன் கை உங்களுக்கு எதுக்குங்க?" வெடுக்கென்று உருவிக்கொண்டான்.

அடுத்த வாரம் வந்தவன், அவள் பக்கமே திரும்பாமல் உள்ளே போனான். போனால் போகட்டும், ஒரு புள்ளிதானே... ஆனால் நெஞ்சு ஏன் இப்படிக் கனக்கிறது?

அக்கா வெளியே வந்தாள். "ஊசியைக் கண்ணுக்கு நேரா காட்டிக்கிட்டே நாடி பார்த்தேன்டி. எழுபத்திரண்டு! ரெண்டும் சேர்ந்து ஏறும்னா, நாடி ஏறினவன் எல்லாம் பயந்தவன்னு அர்த்தமா? துடிப்புக்கு வேற காரணமே இருக்கக்கூடாதா? ஆமா... கட்டைவிரலால பிடிச்சியா? அப்படிப் பிடிச்சா உன் துடிப்புதான் உனக்குத் தெரியும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

அவள் தன் கட்டைவிரலையே பார்த்தாள். முகம் குப்பென்று சிவந்தது.

வாசலில் மழை. ஒதுங்கி நின்றவனிடம் போனாள்.

"மன்னிச்சிடுங்க. நீங்க பொய் சொல்லல. அந்த நூறு..."

"அந்த நூறுக்கு என்ன?" ஊசியில் மரத்த வாய் குழறியது. கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

"அது... என்னோடது."

அவன் மெல்லக் கையை நீட்டினான். "என்னோடதை இப்ப ஒழுங்கா பாருங்க."

இரண்டு விரல்களை மட்டும் வைத்தாள். தடதடவென்று ஓடியது.

"எழுபத்திரண்டு இல்லையே..."

"பயம்ங்க. பத்துக்குப் பத்து."

"நாற்காலிக்கே பயப்படாதவருக்கு என்ன பயம்?"

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு சொல்லி... நீங்க மாட்டேன்னுட்டா?"

பயமும் பத்து, துடிப்பும் நூறு. அடம்பிடித்த புள்ளி ஒருவழியாகக் கோட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"மாட்டேன்னு யார் சொன்னாங்களாம்?" என்றாள். எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.