பெயர் வைக்காத பெட்டி

குழந்தை சைக்கிள் ஓட்டும் வீடியோவுக்குப் பக்கத்தில் டிக் விழுந்திருந்தது.

அது விழுந்திருக்கவே கூடாது. யாராவது முழுசாகப் பார்த்து முடித்த படத்துக்குத்தான், வீட்டு வீடியோக்களைச் சேர்த்துக் காட்டும் மீடியா சென்டர் அந்தச் சின்னப் பச்சை டிக்கைப் போடும். இந்த வீடியோவை அவள் நேற்று சாயங்காலம்தான் போனிலிருந்து ஏற்றினாள். வெளியூர் பஸ் ஓட்டும் புருஷன் வீட்டுக்கு வந்ததும், தான் இல்லாத நாட்களில் மகள் செய்ததையெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கட்டும் என்று சேர்த்து வைத்தது. அவன் இன்னும் வரவில்லை.

"குட்டி, ரிமோட்ல எதையாவது அமுக்கினியா?"

"நான் பூனைப் படம்தான் பாக்கறேன்," என்றாள் மகள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "எது நடந்தாலும் என்னையே சொல்லு."

வெளியே மத்தியானத்திலிருந்தே விடாத மழை. ஜன்னலைச் சாத்தியும் ஈரமண் வாசனை உள்ளே வந்து, மேஜையில் பரப்பியிருந்த பழைய ரிசீவர்களின் தூசி வாசனையோடும், காலையில் அவள் பற்றவைத்த ஈயத்தின் லேசான புகை நாற்றத்தோடும் கலந்து, வீடு முழுக்க யாரோ விளக்கை ஊதி அணைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு மணம் தங்கியிருந்தது. தெருவில் அவளுக்குப் பெட்டியம்மா என்று பேர். மூலையில் கிடக்கும் சாட்டிலைட் ரிசீவரையும், சோப்பு டப்பா அளவுள்ள சின்னக் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் மீடியா சென்டர் மென்பொருளைப் போட்டு உயிர் கொடுத்து அனுப்புவாள். சொந்த வீட்டிலும் அதே ஏற்பாடுதான். படுக்கையறை அலமாரிக்குள் தாய்ப்பெட்டி. படமும் வீடியோவும் அதில்தான் இருக்கும். மற்ற அறைகளில் இருக்கும் பெட்டிகள் அதனிடம் கேட்டு வாங்கிக் காட்டும்.

அவள் லேப்டாப்பில் பட்டியலை மேலே தள்ளினாள். சைக்கிளுக்கு முந்தின வீடியோவுக்கும் டிக். அதற்கு முந்தினதற்கும். பல் முளைத்தது, தவழ்ந்தது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அழுதது. யாரோ உட்கார்ந்து மகளின் நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்ன பெட்டிக்காரி, அங்கயும் மழையா?" பின்னால் கண்டக்டர் யாரையோ திட்டுவது கேட்டது.

"நீங்க பாப்பா வீடியோ எதாவது பாத்தீங்களா?"

"எங்கேருந்து பாக்கறது, ஸ்டியரிங்லயா? வீட்டை விட்டு வெளிய தெரியாதபடி பூட்டி வெச்சது நீ. சாவியும் உன்கிட்ட. கேள்வி என்கிட்டயா?"

"இல்ல, எல்லாம் பாத்த மாதிரி காட்டுது."

"உன் பெட்டிக்கும் என் வண்டிக்கும் ஒரே வியாதி. ஒரு தடவை அணைச்சுப் போடு, சரியாயிடும். நாளைக்குக் காலைல வந்துடுவேன். பாப்பாவ மழையில விடாத."

அணைத்துப் போட்டாள். தாய்ப்பெட்டியின் விசிறி இருமிக்கொண்டே மறுபடி சுற்றத் தொடங்கியது. லேப்டாப்பில் 'இப்போது பார்ப்பவர்கள்' பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியில், ஹால், பூனைப் படம். சரி.

அதற்குக் கீழே இன்னொரு வரி.

பெட்டியின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது மகளின் முதல் டப் குளியல்.

வைஃபை திருட்டு. வேறென்ன இருக்க முடியும்? மாடி வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அந்தம்மா எடுத்ததும் சிரித்தாள்.

"அடியே, நான் உன் வைஃபையைத் திருடறனா? மழையில எங்க மாடிக்கு மட்டும் கரண்டே இல்ல. மெழுகுவத்திய வெச்சுட்டு உக்காந்து கொசு அடிச்சிட்டிருக்கேன். வேணும்னா அதைப் படம் புடிச்சு உன் பெட்டில போடு."

போனை வைத்தாள். வைஃபை பாஸ்வேர்டை மாற்றினாள். ஹால் டிவியில் பூனை பாதித் தாவலில் நின்று, திரை நீலமாகிப்போனது.

"அம்மா! பூனை நின்னுபோச்சு!"

"கொஞ்சம் பொறுடி தங்கம்."

"எப்பப் பாரு கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு. போ, உன்கூட டூ!" குழந்தை காலைத் தொப்புத் தொப்பென்று வைத்துத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

லேப்டாப்பில் ஹால் வரி மறைந்துவிட்டது. பெயரில்லாத வரி மட்டும் அப்படியே இருந்தது.

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். வைஃபை இல்லையென்றால் கேபிளாகத்தான் இருக்க வேண்டும். தாய்ப்பெட்டியிலிருந்து வரும் கேபிள்களை மனசுக்குள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் அவளே இழுத்தவை. எங்கே போய் முடிகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வாள். அதிகப்படியாக ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் திரையில் வீடியோ எவ்வளவு ஓடியது என்று காட்டும் கோடு மெதுவாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நகர்ந்து, நின்று, சட்டென்று கொஞ்சம் பின்னால் குதித்தது. மறுபடி அதே இடம் வரை வந்தது. மறுபடி பின்னால் போனது. பிடித்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற மாதிரி.

அதே வீடியோவை, அதே இடத்தில் அவளும் திறந்தாள். டப்பில் உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தை. தண்ணீரைத் தட்டுகிறது. தலையைத் தூக்குகிறது. சிரிக்கிறது.

வீடியோ எடுத்தது அவள்தான். இத்தனை நாளும் அந்தச் சிரிப்பு தனக்கானது என்றுதான் நினைத்திருந்தாள். குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில், அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்துச் சிரிக்கிறது.

தவழும் வீடியோவைத் திறந்தாள். அதிலும் ஒரு இடத்தில் அந்தப் பார்வை. பல் முளைத்த வீடியோவிலும். நேற்றைய சைக்கிளிலும், பெடலை மிதித்துக்கொண்டே, அவள் தோளுக்கு மேலே.

திரும்பிப் பார்த்தாள். சுவர். காலண்டர். ஈரம் பூத்த மூலை. வேறொன்றுமில்லை.

பயந்தால் கை தானாகத் தெரிந்த வேலையைத்தான் செய்யும். வாடிக்கையாளர் வீடுகளில் பீரோவுக்குப் பின்னால் விழுந்த பெட்டியைத் தேட அவளிடம் ஒரு வழி உண்டு. பெட்டிக்கு ஒரு அறையின் பெயரைக் கொடுத்துவிட்டு 'அழை' பொத்தானை அமுக்கினால், அது எங்கே கிடந்தாலும் இரண்டு தடவை கூவும். அறை கொடுக்காத பெட்டி கூவாது. ஆனால் அறை கொடுத்தால் கூடவே உரிமையும் போகும். பெயரில்லாத பெட்டியால் சேமித்து வைத்ததை மட்டும்தான் பார்க்க முடியும். பெயர் வந்துவிட்டால் அந்தந்த நிமிஷம் நடப்பதைக் காட்டும் நேரலையும் அதன் கைக்கு வந்துவிடும். ஓடுவதை நிறுத்தலாம், பின்னுக்கு இழுத்துத் திரும்ப ஓடவிடலாம். அதனாலென்ன? கண்டுபிடித்ததும் பிடுங்கிக்கொள்ளலாம். ஆயிரம் தடவை செய்த வேலை.

அறைகளின் பட்டியல் விரிந்தது. ஹாலுக்கு ஏற்கெனவே பெட்டி இருக்கிறது, படுக்கையறைக்கும் இருக்கிறது. ஒரு அறைக்கு ஒரு பெட்டிதான். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. இந்த வீட்டுக்கு வந்த புதிதில் ஆசையாகப் பெயர் மட்டும் போட்டு வைத்த அறை. படுத்துக்கொண்டே டிவி பார்த்தால் கண் கெட்டுவிடும் என்று புருஷன் சண்டை போட்டதால் பெட்டி வைக்காமலே விட்ட அறை.

'பாப்பா அறை'யை அதற்குக் கொடுத்தாள்.

'அழை'யை அமுக்கினாள்.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை கூவியது.

அந்த அறையில் பெட்டி இல்லை. டிவி இல்லை. கட்டிலும் துணி அலமாரியும் மட்டும்தான். ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். குழந்தை கட்டிலில் உட்கார்ந்து, அலமாரிக்குப் பக்கத்து மூலையில், பெரிய ஆள் ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மூலையில் ஒன்றுமே இல்லை. ஒரு நிழல்கூட இல்லை.

மகளை வாரித் தூக்கினாள். ஹாலுக்கு வந்தாள். லேப்டாப்பில் வீடியோக்கள் எல்லாவற்றுக்கும் டிக். பார்க்க இனி ஒன்றும் பாக்கியில்லை. கீழே ஒரே வரி.

பாப்பா அறை. நேரலை.

நீக்கு என்று அமுக்கினாள். 'பார்த்துக்கொண்டிருக்கும்போது நீக்க முடியாது.' மறுபடி அமுக்கினாள். முடியாது. ஒற்றைக் கையால் படுக்கையறை அலமாரியைத் திறந்து தாய்ப்பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். விசிறி முனகி நின்றது. வீட்டில் மழைச் சத்தம் மட்டும்.

"அம்மா, பூனைப் படம் வந்துடுச்சா?" குழந்தை புறங்கையால் மூக்கைத் துடைத்தது. அவள் தோளுக்கு மேலே பார்த்துச் சிரித்தது.

"வந்துடும்டா கண்ணு. வந்துடும்."

"அம்மா, பூனைப் படம் வந்துடுச்சா?" புறங்கை. மூக்கு. சிரிப்பு.

"வந்துடும்னு சொன்னேன்ல?"

"அம்மா, பூனைப் படம் வந்துடுச்சா?"

அதே இழுப்பு. 'படம்' என்ற இடத்தில் அதே சின்ன மூச்சு. அதே புறங்கை. அதே சிரிப்பு, அதே இடத்தில் தொடங்கி, அதே இடத்தில் அறுந்தது. நடுவில் துளி இடைவெளி இல்லை.

"குட்டி. அம்மாவப் பாரு. இங்க பாருடி."

"அம்மா, பூனைப் படம் வந்துடுச்சா?"

குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் இமைகள் உரசின. ஒரு தடவை. மறுபடி. அதே மாதிரி. வாசலுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். திறந்தது. மழை முகத்தில் அறைந்தது. செருப்பில்லாமல் படியிறங்கினாள். தெரு. தண்ணீர். யாருமில்லை.

"அம்மா, பூனைப்"

அவ்வளவுதான்.

வாய் பாதி திறந்திருந்தது. கை மூக்குக்குப் போகும் வழியில் நின்றிருந்தது. உடம்பு சூடாகத்தான் இருந்தது. கனமும் அதே கனம்தான். குலுக்கினாள். கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். விரல்கூட அசையவில்லை.

தெரு முழுக்க மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையின் இமையில் விழுந்த ஒரு துளி மட்டும் கன்னத்தில் இறங்காமல், நடுங்காமல், அங்கேயே நின்றது.