இடித்த புகைக்கூண்டின் நிழல்

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு, சிவபாண்டியின் கைப்பேசித் திரையில் இருந்த மலைக்கு நடுவில் ஒரு பல் விழுந்தது.

சோலார் போட்டுக் கொடுப்பவர்களுக்கு அந்த மலை நன்றாகப் பழகிய ஒன்று. எவ்வளவு மின்சாரம் வருகிறது என்று காட்டும் கோடு காலை வெயிலோடு மேலே ஏறும், உச்சியில் சற்று நேரம் நிற்கும், பிறகு சாயங்காலம் வரை சரிந்து இறங்கும். மேகம் வந்தால் கோடு நடுங்கும். ஆனால் தை மாதத்தில், பரவை ஊருக்கு மேலே அன்று மேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை. கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்து, முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடி எழுந்து நடந்தது.

நிழல்தான் அப்படிக் கடிக்கும். வரிசையில் ஒரு பேனல் நிழலில் உட்கார்ந்தால் அந்த வரிசையே உட்கார்ந்துவிடும். ஆனால் ஆண்டிச்சாமியின் அரிசி ஆலைக் கூரையில் நிழலுக்கு வழியில்லை. இருந்த ஒரே நிழலை சிவபாண்டியே இடிக்கச் சொல்லியிருந்தான்.

ஆலைக்குத் தெற்கே அறுபதடிச் செங்கல் புகைக்கூண்டு ஒன்று இருந்தது. பழைய கொதிகலனை நிறுத்திய நாளிலிருந்து புகை விடாமல், பென்ஷன் வாங்குகிறவர் மாதிரி சும்மா நின்றது. அது நின்றால் தெற்கு ஓரத்து ஆறு பேனலும் வீண் என்று சிவபாண்டி அளந்து எழுதிக் கொடுத்தான். ஆண்டிச்சாமி மறுபேச்சுப் பேசவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஜேசிபி வந்தது, இரும்புக் கயிறு கட்டி இழுத்தது. விழுந்த செங்கலை எல்லாம் பழைய கொதிகலன் குழியில் தள்ளி, மேலே கான்கிரீட் போட்டு, அதன்மேல் இன்வெர்ட்டருக்கு ஓர் அறையும் கட்டியாகிவிட்டது.

கூண்டு விழுந்ததை ஊரே பார்த்தது. விழுவதற்கு முன்னால் பார்த்ததை சிவபாண்டி யாரிடமும் சொல்லவில்லை.

ஆலையின் இரவுக் காவலாளி சுடலை. பகலில் கூண்டுக்குள்ளே, சாம்பல் அள்ளும் வாசல் வழியாகத் தவழ்ந்துபோய்ப் படுத்துத் தூங்குவார். செங்கல் குளுமை, கொசு கிடையாது, முதலாளி கண்ணும் படாது. இழுப்பதற்கு முன்னால் வயர்மேன் மருது, ஒரு எட்டு உள்ளே பார்த்துவிட்டு வந்துவிடுங்கள் என்று சொன்னான். சிவபாண்டி போனான். பத்தடி தூரத்திலேயே நின்றுவிட்டான். சாம்பல் வாசலுக்கு வெளியே, கோயிலுக்குப் போனவர் கழற்றி வைத்தது மாதிரி, இரண்டு ரப்பர் செருப்புகள் சேர்ந்து கிடந்தன. குடித்துவிட்டுக் கிடப்பார். எழுப்பி இழுத்து வர இரண்டு ஆள் வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். ஜேசிபிக்காரர் வேறு வேலைக்குப் போக வேண்டும் என்று எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார். பழைய செருப்பாக இருக்கும், என்று சிவபாண்டி நினைத்தான். தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாக நினைத்தான். பிறகு திரும்பி நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

செருப்பையும் அவனே குழியில் எறிந்தான். சுடலையின் மனைவி ரெங்கம்மாள் கேட்டு வந்தபோது, திருப்பூருக்கு வேலைக்குப் போவதாக என்னிடம் சொன்னாரே என்றான். பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஏணியில் ஏறிக் கூரைக்குப் போனான். நீலக் கண்ணாடி வரிசைகள் வெயிலைக் கக்கிக்கொண்டிருந்தன. தகரத்தின் சூடு பூட்ஸைத் தாண்டிக் குதிகாலைச் சுட்டது. தெற்கு ஓரத்தில், ஆறு பேனலின்மேலும், கூண்டின் நிழல் நீளமாகப் படுத்திருந்தது. உச்சியில் இருந்த இரும்பு வளையம், அதற்குக் கீழே கிளி கொத்தினாற்போல் பெயர்ந்த இரண்டு செங்கல், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அவன் தெற்கே திரும்பிப் பார்த்தான். வானம் இருந்தது. இன்வெர்ட்டர் அறை இருந்தது. கூண்டு நின்ற இடத்தின் நடுவே ஒரு காக்கை தடையில்லாமல் பறந்து போனது.

இதில் சிவபாண்டிக்குப் பயமாகப் பட்டது நிழல் மட்டுமில்லை. வேறு யாரும் பயப்படவில்லை என்பதுதான். புதன்கிழமைக்குள் ஆலை ஆட்கள் ஏழு பேர் தங்கள் வண்டிகளை முற்றத்தில் அந்த நிழலுக்குள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சீட்டு சுடுவதில்லையாம். ஆண்டிச்சாமி அண்ணாந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

“அம்புட்டுப் பழைய கூண்டு, தம்பி. நிழல் போறதுக்கு நாள் புடிக்கும்ல.”

ரெங்கம்மாள் தினமும் மத்தியானம் வந்தாள். நிழலுக்குள் முந்தானையை விரித்து உட்கார்ந்து, திருப்பூரிலிருந்து போன் ஏதும் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்றதும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போவாள்.

புதன்கிழமை சிவபாண்டி நிழல் விழுந்த பேனலின் ஓரத்தில் குந்தி, காதைச் சாய்த்தான். மற்ற பேனல்களில் கை வைத்தால் கொப்புளம் வரும். அந்த ஆறும் மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தன. உள்ளே, கண்ணாடிக்கும் கீழே, தகரத்துக்கும் கீழே, எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியாத ஓர் இடத்திலிருந்து சத்தம் வந்தது. இழுத்து, நிறுத்தி, விசிலடித்து விடும் மூச்சு. குறட்டை.

வியாழக்கிழமை குறட்டை இல்லை. இருமல் இருந்தது. பிறகு யாரோ இருட்டில் சுவரை உள்ளங்கையால் தடவித் தடவி, வாசல் எந்தப் பக்கம் என்று தேடுகிற சத்தம். சொரசொரவென்று. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வாசல் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்று, மறுபடி முதலிலிருந்து.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆண்டிச்சாமி அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். சோலார் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து நாளைக்கு ஆள் வருகிறாராம். மின்சாரம் குறைகிறது என்று ஆண்டிச்சாமியே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை.

“மேல இடிச்சாப் போதுமா? அடி உள்ள கெடக்குல்ல. அதான் நெழலு வுட மாட்டேங்குது. நாளைக்கு ஜேசிபிக்குச் சொல்லிருக்கேன். அந்த ரூமப் பேத்துட்டு, குழியத் தோண்டி, சுத்தமா எடுத்துருவோம்.”

தோண்டினால் செங்கல் வரும், செருப்பு வரும், செருப்புக்கு உரியவர் வருவார். தோண்ட வேண்டாம் என்று சிவபாண்டி சொன்னான். அந்த ஆறு பேனலையும் கழற்றி வடக்கு ஓரத்துக்கு மாற்றிவிடுகிறேன், சாயங்காலத்துக்குள் கோடு நேராகிவிடும், அப்புறம் நிழல் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆண்டிச்சாமி யோசித்தார். மாற்றிக் காட்டு, நேரானால் தோண்டவில்லை என்றார்.

மருது ஏணிக்குக் கீழே நின்றான். பெட்டியைக் கையில் கொடுத்தான், ஏணியில் கால் வைக்கவில்லை.

“நான் வரலண்ணே.”

“ஏண்டா?”

“அன்னைக்கு உள்ள பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“யாருமில்லையா?”

“யாருமில்ல, மாப்ள.”

மருது தலையாட்டினான். நம்பினவன் ஆட்டுகிற ஆட்டமா, நம்பாதவன் ஆட்டுகிற ஆட்டமா என்று சொல்ல முடியாது. சாப்பிடப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

பதினொன்றேகால். நிழல் இன்னும் கூரையின் மேற்கு விளிம்பில், பேனல்களுக்கு நான்கடி தள்ளிக் கிடந்தது. சிவபாண்டி வரிசையின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு முதல் பேனலின் பட்டைகளைக் கழற்றத் தொடங்கினான். ஸ்பேனர் சுட்டது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெயில் தாடைக்குக் கீழே, மூக்குக்குள்ளே, வெயில் எப்போதும் போகாத இடத்திலெல்லாம் போய்க் குத்தியது. கீழே உமி பிரியும் இரைச்சலும் வேகும் நெல்லின் புளித்த வாசனையும் ஏறி வந்தன. ஒன்று. இரண்டு. கழற்றிய பேனலைத் தூக்கி வடக்கே சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் நிழலைப் பார்த்தான். அது அவசரப்படவில்லை. மூன்று. சம்பளக்காரன் வேலைக்கு வருகிற மாதிரி, வர வேண்டிய நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான்கு. ஐந்து.

ஆறாவது பேனலின் கடைசி போல்ட் சுற்றியது, கழலவில்லை. மரை தேய்ந்திருந்தது. இவ்வளவு புதிய போல்ட்டில் மரை எப்படித் தேயும் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. இடது கையால் மேலே இழுத்துக்கொண்டு வலது கையால் திருகினான். வியர்வை கண்ணில் இறங்கியது. திருகினான்.

வலது காலில் சில்லிட்டது.

பார்த்தான். பூட்ஸின் முனையை நிழல் தொட்டிருந்தது. முனை தெரியவில்லை. கருப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது, அங்கே பூட்ஸே இல்லை. காலைத் தூக்கினான். வரவில்லை. கணுக்கால் வரை சில்லிட்டது. முழங்கால். ஸ்பேனர் கையைவிட்டு நழுவித் தகரத்தில் விழுந்தது. விழுந்த சத்தம் மேலேயிருந்து, வெகு உயரத்திலிருந்து கேட்டது.

அண்ணாந்து பார்த்தான்.

வானம் வட்டமாக இருந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. சுற்றிலும் செங்கல். செங்கலில் கரி. கை நீட்டினால் இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கமும் சுவர். கரி வாசனை. பீடி வாசனை.

கத்தினான். சத்தம் சுவரில் சுற்றியது. மேலே போகவில்லை.

வாசல் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினான். செங்கல். அடுத்த இடம். செங்கல். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

மேலே எங்கோ அவன் கைப்பேசி அடித்தது. நின்றது. அடித்தது.

ஒரு மணி வாக்கில் கூண்டு சாயத் தொடங்கியதை அவன் உடம்பால் உணர்ந்தான். வட்டம் மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது. அதன் வழியாகக் கூரையின் விளிம்பு தெரிந்தது, பிறகு சுவர், பிறகு முற்றத்து வண்டிகளின் அடிப்பாகம். ஆலை ஆட்கள் நிழலைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள். நிழல் விலகிய கூரைக்கு மருது ஏணியில் ஏறி வந்தான், தகரத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் போட்டான், அண்ணன் கோபித்துக்கொண்டு பசுமலை வீட்டுக்குப் போயிருப்பார் என்று யாரிடமோ சொன்னான். வெயில் இறங்க இறங்க நிழல் நீண்டது. நிழல் நீள, அதற்குள் இருந்தவனும் நீண்டான். முதலில் அவனுக்கு அது புரியவில்லை. இடுப்பு ஓரிடத்திலும் தோள் வேறிடத்திலும் இருப்பதாகப் பட்டது. வலி தாமதமாக வந்தது, ஆனால் குறையில்லாமல் வந்தது. நான்கு மணிக்கு அவன் விலா எலும்புகள் முற்றம் முழுக்கப் பரவியிருந்தன. ஐந்து மணிக்கு அவன் வலது கை வட்டத்துக்கு வெளியே நீண்டு, ஆலை வாசலைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டின் குறுக்கே விழுந்தது.

முதல் பஸ் அதன்மேல் ஏறிப் போனது. அடுத்து ஒரு லாரி. அது வாழைத்தார் ஏற்றி வந்தது, மெதுவாகப் போனது.

அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை.

கீழே, காலடியில், யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒரு கை அவன் கணுக்காலை மரியாதையாகத் தொட்டது.

“கொஞ்சம் ஒதுங்கிப் படுங்க சார். ரெண்டு பேருக்கு இடம் பத்தாது. பொழுது அடஞ்சா இன்னும் நெருக்கும்.”

வட்டத்தின் விளிம்பில் ரெங்கம்மாளின் கால்கள் வந்து நின்றன. அவள் பஸ்ஸுக்காக ரோட்டோரம் வந்திருந்தாள். குனிந்து, நிழலின் வாயை, அதிலிருந்து நீண்டு கிடந்த ஐந்து விரல்களை உற்றுப் பார்த்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டாள். யாருடைய விரல் என்று பார்க்கிறாள். பிறகு நிழலுக்குப் பக்கத்திலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, வாயை அதனருகே கொண்டுவந்தாள்.

“உள்ள இருக்கீகளா?”

சொல்லிவிடலாம் என்று சிவபாண்டி முடிவெடுத்தான். வேறு வழியில்லை என்பதற்காக அல்ல, உண்மையாகவே முடிவெடுத்தான். செருப்பைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கை காட்டினேன். அந்த அறைக்குக் கீழே தோண்டுங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே. எல்லாவற்றையும் சேர்த்து, நெஞ்சு எங்கே இருக்கிறதோ அங்கிருந்து மூச்சைத் திரட்டி, வாயைத் திறந்தான்.

ரோட்டில் கிடந்த நிழலின் வாயிலிருந்து, நிழலாகவே, கருப்பாக, சுருள் சுருளாகப் புகை கிளம்பியது.

அது தாரின்மேல் பரவி ரெங்கம்மாளின் மடியில் ஏறி முகத்தில் படிந்தது. அவள் இருமினாள். முந்தானையால் விசிறிக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். அவன் விடாமல் சொல்லிக்கொண்டேயிருந்தான். புகை விடாமல் வந்துகொண்டேயிருந்தது. நாகமலைக்குப் பின்னால் வெயில் முக்கால்வாசி இறங்கியிருந்தது.