ஆறாவது மெழுகுவத்தி

விவேக் நகரில் எங்கள் கிளினிக் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். பதினோரு வருடமாக அதை ஒரே மூச்சில் ஏறியவள் நான். தினமும் காலையில் அப்படித்தான் ஏறுவேன், தோளில் பை, கையில் டிபன், காதில் போன்.

என் வேலை ஆட்களை ஊத வைப்பது. டெக்னீஷியன் குளோரியா என்றால் நோயாளிகளுக்குக் கொஞ்சம் பயம். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, "இழு, இழு, இப்ப ஊது, ஊது, நிறுத்தாத" என்று கத்துவேன். திரையில் ஆறு மெழுகுவத்தி எரியும். ஆறு விநாடி விடாமல் ஊதினால் ஆறும் அணையும். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் முதலில் நானே ஊதிவிட வேண்டும். நான் ஊதும் காற்றின் அளவு இரண்டு புள்ளி எட்டு நான்கு லிட்டர். கூடக் குறைய தினமும் அதேதான்.

தாயம்மா முதல் தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை. கோலார் தங்கவயல்காரர். ஜோகுபாளையத்தில் வீட்டு வாசலில் விறகடுப்பு வைத்து முப்பது வருடம் இட்லி விற்றவர். மகள் மோனிகா கையைப் பிடித்து மேலே கூட்டிவந்தாள். நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றி, உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். புடவையெல்லாம் ஈர விறகின் புகை நாற்றம்.

அந்தக் குவிந்த உதட்டைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும். சிஓபிடி. மூச்சுக்குழாய் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் திணறுகிற நோய். சிகரெட்டே தொடாத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் வரும். அவர்களுக்கு ஊதி முடிக்க நேரமாகும், பாதியில் இருமுவார்கள், நாம்தான் பொறுமையாக உட்கார்ந்து எடுக்க வேண்டும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதித்தான் பாஸ் செய்தேன்.

ஆனால் வியாழக்கிழமை. குழந்தை இயேசு கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பாதி எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தாயம்மா மூன்று மெழுகுவத்தியோடு இருமி நிறுத்திவிட்டார்.

"பீடி குடிப்பியா?"

"வாயில வெச்சதே இல்ல மேடம்."

"அப்ப இன்னாத்துக்கு இந்த நாடகம்? நல்லா ஊது."

மறுபடியும் மூன்றுதான் அணைந்தது. ரிப்போர்ட்டில் 'முயற்சி போதாது' என்று அடித்து அனுப்பினேன். டாக்டர் ஜாய்சன் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார். டெஸ்ட் சரியாக வந்தால்தான் இன்ஹேலர் என்று சொல்லி, இருமல் மருந்து எழுதிக் கொடுத்தார். இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் அதே வரி.

நான்காவது தடவை மோனிகா கீழேயிருந்து போன் செய்தாள். "மேடம், அம்மாவால ஏற ஆவல. மெஷினைக் கொஞ்சம் கீழ எடுத்துட்டு வர்றீங்களா? ஆட்டோலயே குந்திக்கினு ஊதிடும்."

"மெஷின் எல்லாம் கீழ வராது. ஊர்ல எல்லாரும் ஏறி வர்றாங்க, உங்கம்மா மட்டும் மகாராணியா?"

அந்த மெஷின் என் டிபன் பாக்ஸைவிடச் சின்னது.

தாயம்மா திருப்பம் வரை ஏறினார். அங்கே உட்கார்ந்துவிட்டார். அந்த மூச்சு இழுக்கும் சத்தம் என் அறைவரை கேட்டது. நான் வெளியே வரவில்லை. மோனிகா அலறிய பிறகுதான் போனேன். உதடு நீலமாக, குவிந்தபடியே இருந்தது. கண் மாடியைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

பாவம் என்று தோன்றியதா? ரிப்போர்ட்டை யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். அவ்வளவுதான். பொய் சொல்லக் கூடாது.

மறுநாள் காலை எட்டு மணி, நல்ல வெயில். அறையைத் திறந்தேன்.

விறகுப் புகை.

ஜன்னலைத் திறந்துவிட்டு, வழக்கம்போல ஊதினேன். ஐந்து மெழுகுவத்தி அணைந்தது. ஆறாவது எரிந்துகொண்டே இருந்தது.

ஃபில்டரை மாற்றினேன். அளவு பம்ப்பை வைத்துச் சரிபார்த்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. டாக்டரை ஊதச் சொன்னேன், ஆறும் அணைந்தது.

அடுத்த நாள் நான்கு.

அதற்கடுத்த வாரம் மூன்று.

டாக்டர் என் நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் இல்லை. "நீங்க சரியா ஊதல குளோரியா. முயற்சி போதாது" என்றார். எனக்கு இன்ஹேலர் எழுதவில்லை. பேசும்போது நான்கு சொல்லுக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. கண்ணாடியில் பார்த்தேன், என் உதடு தானாகக் குவிந்திருந்தது.

நேற்றுக் காலை வாசலில் நின்றபடி படியைப் பார்த்தேன். ஏற முடியாது என்று தெரிந்தது. போன் செய்தேன்.

"டாக்டர்... மெஷினை... கீழ..."

"என்ன விளையாட்டு இது? மேல வாங்க, பேஷண்ட் காத்திருக்காங்க."

ஏறினேன். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று. திருப்பத்தில் கால் மடங்கியது. அங்கேயே உட்கார்ந்தேன்.

மேலே மெஷின் பீப் என்றது.

பூட்டிய என் அறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இழு, இழு, இப்ப ஊது, ஊது, நிறுத்தாத."

என் குரல்.

அதன் பின்னால் நீளமாக ஒரு மூச்சு. இருமலே இல்லை. ஆறு விநாடி தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது.

டாக்டர் அந்த அறையைத் திறக்கும் சத்தம் கேட்டது. படி வழியாகக் குரல் கொடுத்தார். "குளோரியா, தாயம்மான்னு ஒரு டெஸ்ட் இப்பத்தான் சேவ் ஆயிருக்கு. யாரு இவங்க? அருமையா ஊதியிருக்காங்க. ரெண்டு பாயின்ட் எட்டு நாலு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். காற்று இல்லை.

படியில் வெறுங்கால் சத்தம் இறங்கி வந்தது. வேகமாக, எங்கேயும் நிற்காமல். யாரையும் காணோம். புகை நாற்றம் மட்டும் கிட்டே வந்தது, என் பக்கத்துப் படியில் உட்கார்ந்தது.

"இன்னாத்துக்கு மேடம் நாடகம்," என்று காதோரம் கேட்டது. "இன்னும் மூணு எரியுது. நல்லா ஊது."

பிறகு எழுந்து, மிச்சப் படிகளை ஒரே மூச்சில் இறங்கிப் போனது.