குலாம் முகம்மது மாட்டிய மிஷின்

குழாய் வேர்க்கவில்லை.

ராஜமாணிக்கம் இரண்டு விரல்களை அதன்மேல் வைத்துப் பார்த்தான். மொட்டை மாடியில் மரச் சட்டத்தின்மேல் நின்ற இயந்திரத்திலிருந்து இரண்டு செப்புக் குழாய்கள் தளத்தைத் துளைத்துக் கீழே படுக்கையறைக்கு இறங்கின. மெலிந்த குழாய் சூடாயிருக்கும். பருத்தது, அறையின் வெக்கையை வாங்கிக்கொண்ட வாயுவைத் திரும்பக் கொண்டுவருவது. சிதம்பரத்து மே மாதப் புழுக்கத்தில் அது புதுப்பானையைப் போல முத்து முத்தாக வேர்த்து, அடியில் எப்போதும் ஒரு கையகல ஈரம் வைத்திருக்க வேண்டும். வேர்க்காவிட்டால் உள்ளே வாயு போதவில்லை என்று பொருள். வாயு போதாவிட்டால் அறை குளிராது.

ஆனால் அறை குளிர்ந்திருந்தது. சற்று முன்தான் அங்கே நின்றுவிட்டு வந்தான். வெளியே கத்திரி வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்த பதினொரு மணிக்கு, அப்துல் ஹக் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷம் சிங்கப்பூரில் துணிக்கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பருத்த உடம்பு, வெயில் தாங்காது. அதனால்தான் கப்பலில் இந்த மிஷினைக் கொண்டுவந்தார். அவரே இன்று குளிர் தாங்காமல் நடுங்கினார்.

"மூணு நாளா இப்படித்தான்யா மேஸ்திரி. சுவிட்ச நிறுத்தினாலும் குளிரு போவ மாட்டேங்குது. சத்தம் வேற. யாரோ மூச்சு இழுக்கறாப்புல."

"பெல்ட்டு தேஞ்சிருக்கும் பாய்."

"போன மாசந்தானய்யா பெல்ட்டு மாத்தின. அது என்ன பெல்ட்டா, வாழ நாரா?"

கதவருகே நின்ற அவர் மனைவி சலீமா பீவி சிரிக்கவில்லை. "குலாம் இருந்தா காத வச்சே சொல்லிருப்பாரு" என்றாள்.

அதைத்தான் ராஜமாணிக்கம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்கள். பழைய புண்ணில் அதே இடத்தில் விரல் வைப்பதுபோல.

குலாம் முகம்மதுவும் அவனும் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் பாக்டரியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். அம்மோனியா நெடியில் கண் எரிய எரிய ஒன்றாக வேலை பழகினார்கள். ராஜமாணிக்கத்தின் கட்டைவிரலில் அம்மோனியா சுட்ட தழும்பு அப்போது விழுந்ததுதான். மச்சான் என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு குலாம் கப்பலேறினான். ஆறு வருஷம் கழித்து வெள்ளைச் சட்டையும் கைக்கடிகாரமுமாகத் திரும்பியபோது, வீடுகளுக்குள் குளிர் வைக்கும் வித்தை அவன் கையில் இருந்தது. இந்த மிஷினை மாட்டியது அவன். அடுத்து இதே ஊரில் நான்கு வீடுகளில் மாட்டினான். ராஜமாணிக்கம் அவனுக்குக் கையாளாகப் பின்னால் போனான். ஏணி பிடித்தான். குழாய் தூக்கிக் கொடுத்தான். அதே பாக்டரியில், அதே நாளில் சேர்ந்தவன்.

குலாம் வளைத்த குழாயில் ஒரு சுருக்கம் விழாது. இறுக்கிய நட்டில் ஒரு கீறல் இருக்காது. அதையெல்லாம் ராஜமாணிக்கம் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது அவன் காதை.

ஐஸ் பாக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. ஓடும் மிஷினில் என்ன கோளாறு என்று அறிய, நீண்ட திருப்புளியின் நுனியைக் கம்ப்ரஸர்மேல் ஊன்றி, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பார்கள். உள்ளே நடப்பதெல்லாம் இரும்பு வழியாக வந்துவிடும். ஒருவன் அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் பேசக் கூடாது, அவனைத் தொடக் கூடாது. கை சற்று இடறினால் திருப்புளி பெல்ட்டில் மாட்டி முகத்தைக் கிழித்துவிடும். குலாம் கண்ணை மூடி அரை நிமிஷம் கேட்பான். "மேல் வால்வு ஒட்டுது மச்சான்" என்பான். பிரித்தால் ஒட்டியிருக்கும். ராஜமாணிக்கத்துக்கோ எப்போது வைத்தாலும் ஒரே இரைச்சல்தான். பதினேழு வருஷமாக அவன் தலையாட்டிக்கொண்டு கேட்பதுபோல நடித்துவந்தான். அது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒருவேளை குலாமுக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மை இன்னும் எரிந்தது.

போன வருஷம் இதே மே மாதத்தில், இதே மாடியில், இந்த மிஷினில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபடியே குலாம் செத்துப்போனான். வெயில் அடித்துவிட்டது என்றார் டாக்டர். ஊரில் அதையும் ஒரு பெருமையாக்கிவிட்டார்கள். வேலையில கண்ணா இருந்தே மௌத்தாயிட்டாரு மனுசன் என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். சாவிலும் ஒரு படி மேலே நின்றுகொண்டான். ஐந்து வீட்டு வேலையும் ராஜமாணிக்கத்துக்கு வந்தது. குலாம் மாமா என்று அவனைக் கூப்பிட்ட ஹக்கின் மகள் மலிகா, இவனை மேஸ்திரி என்று கூப்பிட்டாள்.

"லியாக்கத் அலி அடுத்த வாரம் கப்பல்ல வர்றாராம்" என்றார் ஹக், கம்பளிக்குள்ளிருந்து. "குலாமோட தம்பி. இதே வேலதானாம் அங்க. நீ இன்னிக்கு என்னான்னு கண்டுபுடிச்சிச் சொல்லிட்டீன்னா உன் கையிலயே இருக்கட்டும்யா. இல்லாட்டி அவரையே பாக்கச் சொல்லிடறேன். அஞ்சு வூட்டுக்காரங்களும் அதத்தான் சொல்றாங்க. கோவிச்சிக்காத."

"கோவம் என்னா பாய்."

"அண்ணன் காது தம்பிக்கும் இருக்குமில்ல" என்றாள் சலீமா பீவி. உள்ளே போய் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "அவரோட திருப்புளி. தம்பிகிட்ட குடுக்கத்தான் வச்சிருந்தேன். இன்னிக்கு நீங்க வச்சிப் பாருங்க."

முழ நீளம். கருங்காலிப் பிடி. பிடியின் முனையில் ஒரு காதின் எண்ணெய் வருஷக்கணக்காக ஊறி, ஒரு காசளவு பளபளப்பு. குலாம் உயிரோடிருந்தவரை அதை ராஜமாணிக்கம் தொட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்க மனம் வரவில்லை.

மாடியில் காற்று இல்லை. தரை செருப்பையும் மீறிச் சுட்டது. தொலைவில் கோபுரம் வெயிலில் கானல் போல நடுங்கியது. சுண்ணாம்பின் காய்ந்த வாசனையோடு, சூடான எண்ணெயின் நெடியும், அதற்கு அடியில் எங்கிருந்தோ வந்த பீடிப் புகையின் மெல்லிய வாடையும் இருந்தன. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. காற்றாடி சுழல, பெல்ட் தட்டத் தட்ட, எப்போதும் கேட்கும் அதே சத்தம். மூச்சு இழுப்பதாக எதுவும் இல்லை. குழாய் வேர்க்காதபோதும் வாயுவின் அளவு சரியாக இருந்தது. குழாயில் கசிவும் இல்லை. அவன் அறிந்த எதிலும் குற்றமில்லை. இனிக் கேட்பது ஒன்றுதான் பாக்கி.

குந்தி உட்கார்ந்தான். திருப்புளியின் நுனியைக் கம்ப்ரஸரின் தோளில் ஊன்றினான். பிடியைக் காதோரம் வைத்தான். வெயிலில் கொண்டுவந்த மரம், ஆனாலும் சில்லென்றிருந்தது.

முதலில் வழக்கமான இரைச்சல். தலையாட்டக்கூட அங்கே ஆள் இல்லை.

பிறகு இரைச்சல் பிரிந்தது. பின்னிய கயிற்றைப் புரிபுரியாகப் பிரித்துவிட்டதுபோல, ஒவ்வொரு சத்தமும் தனியாக வந்து நின்றது. பிஸ்டன் ஏறுவது. வால்வின் தகடு படிவது. அடித்தட்டில் எண்ணெய் அலைந்து சுவரில் மோதுவது. தகட்டின் ஓர் ஓரம் மற்ற ஓரத்தைவிட மயிரிழை தாமதமாகப் படிவதுகூடக் கேட்டது. பதினேழு வருஷம். இதைத்தானே குலாம் கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவையும் தனக்கே வைத்துக்கொண்டு என் முன்னால் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தானே. ராஜமாணிக்கத்தின் கண்ணில் நீர் கட்டியது. லியாக்கத் அலி வரட்டும். நானும் சொல்வேன். அரை நிமிஷத்தில் சொல்வேன்.

எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் கேட்க ஆசையாக இருந்தது. காதை எடுத்துவிட்டால் இது திரும்ப வராமல் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. பிடியை இன்னும் அழுத்தினான்.

எண்ணெய்க்கு அடியில் வேறொரு சத்தம்.

சரக்கென்று ஒரு தீக்குச்சி உரசுவது.

மிஷினுக்குள் தீக்குச்சி ஏது. மூச்சை அடக்கிக் கேட்டான். ஒரு பீடியின் முதல் இழுப்பு. செருமல். அந்தச் செருமல் அவனுக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் தொண்டையில் கேட்பது. அவனுடையது. சூடான தரையில் செருப்புக் கால் நான்கு அடி நடக்கிறது. நிற்கிறது. திரும்பிப் போய் நிழலில் உட்கார்கிறது.

அவனுக்கு அந்த நிழல் தெரியும். மாடிப்படிக் கூண்டின் பின்பக்கம். போன வருஷம் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து குலாமின் முதுகு தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சட்டை காய்ந்தது. உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்தது. பின்கழுத்து சிவந்து, காய்ந்த செங்கல் போல ஆனது. அந்த வெயிலில் ஒரு மனிதனுக்கு வேர்வை நின்றுபோவது உயிருக்கு மோசம் என்று ஐஸ் பாக்டரியில் மூட்டை ஏற்றும் ஆள்கூட அறிவான். அவனும் அறிந்திருந்தான். ஆனால் கேட்பவனைத் தொடக் கூடாது. அதுதானே வழக்கம்.

இரும்பில் கொலுசுச் சத்தம் படியேறி வந்தது. கண்ணாடி டம்ளர்கள் இரண்டு ஒன்றோடொன்று உரசின.

"குலாம் மாமா ஏன் அசையாம இருக்காங்க?"

"கேட்டுக்கிட்டிருக்காரு பாப்பா. தொடக் கூடாது. வச்சிட்டுப் போ."

தன் குரல். அத்தனை நிதானமாக.

கொலுசு இறங்கிப் போயிற்று. ஒரு டம்ளர் சர்பத் தொண்டையில் இறங்குவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது டம்ளர்.

இவையெல்லாம் எங்கே கேட்டிருக்கும். யார் காதில். குலாமுக்கு அப்போது உயிர் இருந்தது. அசைய முடியாமல், கூப்பிட முடியாமல், இந்தப் பிடியில் காதை வைத்தபடி, மச்சான் எழுந்து வருகிற காலடிக்காகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். முழுதாக ஒரு மணி நேரம்.

போதும். காதை எடுக்க வேண்டும்.

எடுக்கவில்லை. இப்போது காலடி வரும். இந்தத் தடவை வரும். அதைக் கேட்டுவிட்டு எடுத்துவிடலாம். தான் எழுந்து வருவதை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும். பீடி அணைந்தது. செருப்பு தரையில் உரசியது. எழுந்திரு. எழுந்திருடா. செருப்பு அசைந்து, கால் மறுபடி மடங்கிக்கொண்டது.

அவன் சட்டை முதுகில் மொடமொடத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கை தன்னுடையதாக இல்லை. திருப்புளியைப் பிடித்திருக்கிறதா, திருப்புளி பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை.

படியில் கொலுசு. இரும்பிலா, வெளியிலா.

"மேஸ்திரி."

மலிகா. கூண்டின் வாசலில் நின்றாள். ஒரு வருஷம் வளர்ந்த குரல். அப்படியென்றால் இது வெளியில்.

"கரண்டு போயி ஒரு மணி நேரமாச்சே மேஸ்திரி. எதக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

கண்ணை மட்டும் திருப்ப முடிந்தது. காற்றாடியின் நான்கு இலைகளும் அசையாமல் நின்றன. ஓர் இலையின்மேல் தும்பி ஒன்று உட்கார்ந்து சிறகை விரித்து வெயில் காய்ந்தது. பெல்ட் அசையவில்லை. காதில் மட்டும் ஏறி இறங்கும் பிஸ்டன். அலையும் எண்ணெய். அதன் அடியில், மெதுவாக, யாரோ மூச்சு இழுப்பது.

பாப்பா, என்னைத் தொடு. வந்து தொடு. உதடு பிரியவில்லை.

"வச்சிட்டுப் போ பாப்பா."

அவன் குரல்தான். அவன் வாயிலிருந்து வரவில்லை. கூண்டின் பின்பக்கத்து நிழலிலிருந்து வந்தது.

"சரி" என்றாள் மலிகா. கையிலிருந்த சர்பத் டம்ளரை வாசற்படியில் வைத்தாள். கொலுசு ஒவ்வொரு படியாக இறங்கி, கீழ்க் கதவு சாத்தும் வரை கேட்டது.

கூண்டின் மூலையைத் தாண்டி ஒரு கை நீண்டது. காக்கிச் சட்டைக் கை. கட்டைவிரலில் அம்மோனியா சுட்ட பழைய தழும்பு. டம்ளரை எடுத்துக்கொண்டு நிழலுக்குள் போயிற்று. மிடறு மிடறாக, அவசரமில்லாமல் குடித்தது. பிறகு மூலையில் அவனுடைய முகமே எட்டிப் பார்த்தது. உதட்டைத் துடைத்துக்கொண்டு, வெயிலில் குந்தியிருப்பவனின் சட்டை காய்ந்துவிட்டதா என்று பார்த்தது.