நிறைகுடம் கடையின் பார்வைப் பங்கு

கடை சாத்துவதற்கு முன்பே பலகை அணைந்துவிடுகிறது என்பதுதான் முறையீடு.

நொய்யற்கரை மாநகராட்சியின் பெயர்ப்பலகை உரிமப் பிரிவில் ஆய்வாளராக இருந்த சென்னியப்பன் அதை இரண்டு முறை படித்தார். நெசவாளர் வீதி, நிறைகுடம் பாத்திர வாடகை நிலையம். உரிமையாளர் பெயர் வள்ளிநாயகி. தம் கடைக்கு ஒதுக்கப்பட்ட பார்வைப் பங்கு மாலையிலேயே தீர்ந்துவிடுவதாகவும், காரணத்தை அறிந்து சொல்லுமாறும் அந்த அம்மையார் மிகப் பணிவாகக் கேட்டிருந்தார்.

அந்த நகரத்தில் எந்தக் கடைப் பலகைக்கும் விருப்பம்போல் ஒளிரும் உரிமை கிடையாது. ஒரு காலத்தில் பலகைகள் ஒன்றையொன்று மிஞ்சி மினுங்கியதில், தெருவில் நடப்பவர்கள் எதிரே வருபவரின் முகத்தைப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள். பெற்ற மகன் எதிரில் வந்தும் அறியாமல் கடந்துபோனவர்கள் உண்டு. அதன் பிறகு வந்ததுதான் பார்வைச் சிக்கனச் சட்டம். ஒவ்வொரு பலகையின் நெற்றியிலும் பொட்டுப்போல் ஒரு பார்வைமானி பொருத்தப்பட்டது. பலகைப் பக்கம் திரும்பும் கண்கள் அங்கே எத்தனை நொடி தங்குகின்றன என்று அது எண்ணிக் காட்டும். அன்றைய பங்கு தீர்ந்ததும் பலகை அணையும். மறுநாள் காலையில்தான் மீண்டும் விழிக்கும். பெரிய கடைக்குப் பெரிய பங்கு. பாத்திர வாடகைக் கடைக்கு ஒரு கைப்பிடி. அதுவும் மூன்று மாதம் தொடர்ந்து முன்னதாகவே தீர்ந்தால், கவனத்தை அளவுமீறி ஈர்க்கும் பலகை என்று கருதி உரிமத்தை ரத்து செய்துவிடுவார்கள். நிறைகுடத்துக்கு இது மூன்றாவது மாதம்.

"பாத்திரக் கடையைப் போய் யாரு சார் இப்படிப் பாக்கறாங்க? தங்கத்துல அண்டா வெச்சிருக்காங்களா?" என்றார் பிரிவுக் கண்காணிப்பாளர் பர்வீன்.

"நேர்ல போய்ப் பாத்துடறனுங்க மேடம்."

வழி விசாரிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அலுவலகம் முடிந்து அவர் பேருந்துக்குக் காத்திருக்கும் நிறுத்தம் அந்தக் கடைக்கு நேர் எதிரே இருந்தது.

வள்ளிநாயகிக்கு நாற்பது வயதிருக்கும். ஆய்வாளரைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. அரசு அலுவலரைக் கண்டால் வரும் அச்சம் என்று எண்ணிய சென்னியப்பன், தம் குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணுங்க. முறையீடு விஷயமா வந்திருக்கறேன்."

"வாங்க சார், உக்காருங்க. காப்பி போடட்டுங்களா?"

"வேண்டாமுங்க, டூட்டில இருக்கறேன்."

"தை பொறந்தா முகூர்த்தமுங்க சார்," என்று நாற்காலியைத் துடைத்தபடியே தொடங்கினார் அவர். "கல்யாண ஊட்டுக்காரங்க வேலைவெட்டி முடிச்சுப்போட்டு சாயங்காலந்தான் வருவாங்க. அந்நேரம் பாத்துப் பலகை செத்துப்போயிருது. கடை இருக்கறதே தெரியாம அடுத்த வீதிக்குப் போயிர்றாங்க. உரிமமும் போச்சுன்னா கடையைச் சாத்திப்போட்டுத் தம்பி ஊட்டுக்குத்தானுங்க போகோணும். அவன் 'வாக்கா'ன்னுதான் கூப்பிடறான். ஆனா அங்க போனா ஒரு டம்ளர் காப்பிக்கும் அவம் பொண்டாட்டி மூஞ்சியைப் பாக்கோணுமே."

சென்னியப்பன் தம் பையிலிருந்து விழியொப்பியை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுள்ள கருவி அது. பார்வைமானி யாருடைய பெயரையும் அறியாது. கண்மணியின் அமைப்பை ஒரு விழிக்குறியாக மட்டும் பதிந்து வைத்திருக்கும். அந்தக் குறி யாருடையது என்று ஒப்பிட்டுச் சொல்வது விழியொப்பியின் வேலை. கருவியைப் பலகையை நோக்கி உயர்த்தியதும் அது திருத்தமான தமிழில் அறிவித்தது: "பங்கில் பாதிக்கு மேல் செலவழிப்பவர் ஒருவரே. நேரம், மாலை."

"ஒருத்தரா?" என்றார் வள்ளிநாயகி.

"ஒருத்தரேதானுங்க. கண்டுபிடிச்சிரலாம். முதல்ல என் கண்ணைக் காட்டி விலக்கிடணுங்க. இல்லாட்டி ஆய்வு பண்றவர் பார்வையும் கணக்குல கலந்துரும்."

அவர் வலக்கண்ணைக் கருவியில் வைத்தார்.

"ஒப்புமை கண்டறியப்பட்டது. தேடல் நிறைவுற்றது. ஒத்துழைப்புக்கு நன்றி."

சென்னியப்பன் கருவியைத் தட்டிப் பார்த்தார். கைக்குட்டையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். "பழுதாயிருச்சு போலிருக்குதுங்க," என்று சொல்லி இடக்கண்ணை வைத்தார்.

"மறு விழியும் ஒத்துள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி."

கடைக்குள் அடுக்கியிருந்த குண்டான்கள்கூடக் கேட்டிருக்கும். அவ்வளவு தெளிவான குரல்.

"நீங்கதானுங்களா அது?"

"நான்... பஸ்ஸுக்குத்தானுங்க உக்காந்திருப்பேன்."

"எந்தப் பஸ்ஸுக்குங்க? வரிசையா வருது, போகுது. நீங்க ஏறினாத்தானே! நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? ஆபீஸுல இருந்து நம்ம பலகையை வேவு பாக்க ஆள் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அந்தப் பயத்துல, நீங்க வந்து உக்காந்தாப் போதும், துணியை எடுத்துக்கிட்டு வெளிய வந்து பலகையைத் தொடைச்சுக்கிட்டே இருப்பேன். அத்தனை அண்டாவையும் வாசல்ல வெச்சுத்தான் தேய்ப்பேன். அப்படி என்னதானுங்க இருக்குது அந்தப் பலகைல?"

சென்னியப்பன் இருபது ஆண்டுகளாக ஆய்வறிக்கை எழுதியவர். காரணம் என்ற இடத்தில் பொய் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. தம் மாலைகளை ஒருமுறை மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார். பேருந்துகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பலகையின் நிறம் பச்சையா நீலமா என்பதும் நினைவில் இல்லை. திரும்பி வந்த அண்டாவைச் சாய்த்து, விரல் முட்டியால் தட்டி, விரிசல் உண்டா என்று காதை வைத்துக் கேட்கும் ஒருவர் மட்டுமே நினைவில் இருந்தார். நல்ல அண்டா என்றால் அவர் தலை மெல்ல அசையும்.

"பலகையைப் பாத்த ஞாபகம் எனக்கு இல்லீங்க," என்றார் சென்னியப்பன்.

பலகையைப் பார்க்கும் கண் எது, பலகைக்கு அடியில் நிற்பவரைப் பார்க்கும் கண் எது என்று பிரித்தறியப் பார்வைமானிக்குத் தெரியாது. அதைச் செய்தவர்களுக்கு அப்படி ஒரு தேவை தோன்றியிருக்கவும் இல்லை.

வள்ளிநாயகி கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மீண்டும் மடித்தார்.

"தப்பு என் மேலதானுங்க," என்று சென்னியப்பன் எழுந்து கைகூப்பினார். "இந்த மாசத்துக் கணக்கை நான் சரிபண்ணி எழுதிடறேன். நாளையிலிருந்து அடுத்த ஸ்டாப்புல போய் ஏறிக்கறேன். உங்க பலகைக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க."

சொன்னபடியே செய்தார். 'காரணம்: ஒரு தனிநபர். இனி நேராது' என்று அறிக்கையை முடித்தார். மாலையில் நெசவாளர் வீதியைச் சுற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தார். அங்கே எதிரில் ஒரு சுவர் இருந்தது. முதலில் வந்த பேருந்திலேயே ஏறி நேரத்தோடு வீடு சேர்ந்தார். தனியாளாக இருந்த அந்த வீட்டில் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை.

தை பிறந்தது. நிறைகுடத்தின் பலகை கடை சாத்தும்வரை எரிந்தது. அண்டாக்கள் நிற்க நேரமில்லாமல் கல்யாண மண்டபங்களுக்குப் போய் வந்தன. அப்படியிருக்கும்போது ஒருநாள் பர்வீன் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டே அவர் மேசைக்கு வந்தார்.

"சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு முறையீட்டை நான் பாத்ததே இல்லை. அந்தப் பாத்திரக் கடையம்மாதான். பங்கு மிஞ்சிப்போகுதாம். காரணம் தெரியணுமாம். ஆய்வாளர் நேர்ல வரணுமாம். 'முன்பு வந்த ஆய்வாளரே'ன்னு அடிக்கோடு வேற."

சென்னியப்பனின் காதுமடல்கள் சூடேறின.

"போய்ட்டு வாங்க சார். ஒத்துழைப்புக்கு நன்றி," என்று பர்வீன் அந்தக் கருவியைப் போலவே சொல்லிக் காட்டினார்.

வள்ளிநாயகி அன்று நல்ல சேலை உடுத்தியிருந்தார். காப்பி வேண்டுமா என்று கேட்கவில்லை, போட்டே வைத்திருந்தார்.

"எவ்வளவு மிஞ்சுதுங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"முன்னால நீங்க எவ்வளவு பாத்தீங்களோ அவ்வளவுங்க."

சென்னியப்பன் காப்பியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "திரும்பவும் அங்க வந்து உக்காந்தா, பங்கு தீந்து உரிமம் போயிருமுங்க."

"யாரு பாத்தாக் கணக்குல வராதுங்க?"

சட்டத்தில் கேள்வி வந்ததும் சென்னியப்பனுக்கு நாக்கு இலகுவாயிற்று. "உரிமையாளர், அவர்தம் குடும்பத்தார், கடைப் பணியாளர் ஆகியோரின் பார்வை கணக்கில் சேராது."

"பணியாளு வெச்சுக்கற அளவுக்கு நமக்கு வருமானம் இல்லீங்க," என்று சொல்லிவிட்டு வள்ளிநாயகி ஓர் அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். தலை அசைந்தது.

எதிரே ஒரு பேருந்து வந்து நின்று புறப்பட்டுப் போயிற்று. அது போய் வெகுநேரம் கழித்துத்தான் சென்னியப்பனுக்கு அந்த விதியில் எஞ்சியிருந்த சொல் விளங்கியது. காப்பி ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மூச்சில் குடித்தார்.

ஊரிலுள்ள கல்யாணங்களுக்கெல்லாம் பாத்திரம் அனுப்பிய கடையிலிருந்து, வைகாசியில் ஒரு கல்யாணத்துக்கு வாடகையில்லாமல் அண்டாக்கள் போயின.

இந்தச் செய்தி நெசவாளர் வீதியோடு நிற்கவில்லை. கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, தனியே இருக்கும்போது யோசித்தார்கள். நம்மை யாராவது பார்க்கிறார்களா என்று சொல்லக்கூடிய கருவி ஊரிலேயே ஒன்றுதான் இருக்கிறது. பெயர்ப்பலகை உரிமம் பெற்றால் அது கிடைக்கும். ஆனி பிறப்பதற்குள் கடையே இல்லாதவர்களின் விண்ணப்பங்கள் சென்னியப்பனின் மேசையில் குவிந்தன. வீட்டு வாசலுக்குப் பலகை வேண்டும் என்றார்கள். மாடிப்படிக்கு வேண்டும் என்றார்கள். கண்களைப் பலகைகளிடமிருந்து மீட்டு முகங்களுக்குக் கொடுப்பதற்காக வந்த சட்டம் அது. இப்போது முகங்கள் பலகை கேட்டு வரிசையில் நின்றன.

"விக்கறதுக்கு ஒண்ணும் இல்லாதவங்களுக்குப் பலகை எதுக்கு? எல்லாத்தையும் தள்ளுபடி பண்ணிருங்க சார்," என்றார் பர்வீன்.

தள்ளுபடி செய்துகொண்டிருந்தபோதுதான் ஆல்பர்ட் என்ற முதியவர் நேரிலேயே வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"என்னங்கய்யா வியாபாரம்?"

"ஒண்ணுமில்ல தம்பி."

"அப்பறம் பலகைல என்ன எழுதறதுங்க?"

"எழுதாமயே இருக்கட்டும். அந்த மீட்டர் மட்டும் இருந்தாப் போதும்." பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வயசுக்காலம் பூரா பஸ் ஓட்டினேன். ஏறினவனெல்லாம் என்ற முதுகைத்தான் பாத்தான். மூஞ்சியைப் பாத்தது என் சம்சாரம் ஒருத்திதான். அவளும் போயிட்டா. ஒரு நாளைக்கு ஒரு ஆளாவது பாக்குதான்னு சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான். பூஜ்யம்னு வந்தாலும் வரட்டும். தெரிஞ்சிரும்ல?"

தள்ளுபடி முத்திரை சென்னியப்பனின் கையில் இருந்தது. அதை மெல்ல மேசையில் வைத்தார். இனிமேல் கடை தொடங்க இருப்பவர்களுக்குத் தற்காலிக உரிமம் என்று ஒன்று உண்டு. உள்ளதிலேயே மிகச் சிறிய பங்கு. இன்ன கடை என்று அதில் சொல்ல வேண்டியதில்லை. அதை எழுதிக் கொடுத்தார். பெரியவர் இருமுறை நன்றி சொல்லிப் போனார்.

பலகை மாட்டப்பட்ட நாளில் சென்னியப்பன் அதை வள்ளிநாயகியிடம் சொன்னார்.

"பூஜ்யம்னே வந்துட்டா?" என்று கேட்டார் வள்ளிநாயகி. பிறகு விறுவிறுவென்று வாசலில் இருந்த பாத்திரங்களை உள்ளே எடுத்துவைத்தார். "எந்திரிங்க. கடையைச் சாத்திட்டுப் போலாம்."

ஆல்பர்ட்டின் வீட்டுக்கு எதிரேயும் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. இருவரும் போய் உட்கார்ந்தார்கள். கதவுக்கு மேலே, எழுத்தில்லாத பலகை வெளிர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே, தேய்த்த சட்டையும் மழித்த முகமுமாகப் பெரியவர் நின்றிருந்தார். எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அண்ணாந்து பார்வைமானியைப் பார்த்தார். அதில் எண்கள் ஓடத் தொடங்கியிருந்தன. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு பேருந்து வந்து வேகம் குறைத்தது. வேண்டாம் என்று வள்ளிநாயகி கையசைத்தார். அது போனதும் பெரியவர் இவர்களை அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது. எதிரில் வரும் வண்டிக்காரருக்கு ஓட்டுநர்கள் செய்வார்களே, அதேபோல் ஒரு கையைச் சற்றே உயர்த்திக் காட்டினார். சென்னியப்பனும் கையை உயர்த்தினார்.

மிகச் சிறிய பங்கு அது. பலகை அணைந்தது. பெரியவர் அங்கேயே நின்றிருந்தார்.

"தீந்துபோச்சு போலிருக்குதுங்க," என்றார் வள்ளிநாயகி.

"ஆமா," என்றார் சென்னியப்பன்.

இருவரும் எழுந்திருக்கவில்லை.